ஒத்தையாள் டென்ட்

உங்க பையில தொங்கறது டென்ட்தானுங்களே? ஒருத்தர் படுக்கறதா, ரெண்டு பேர் படுக்கறதா? ரெண்டு பேருக்கா. அப்பச் செரி. கொஞ்சம் நகந்து உக்காருங்க சார், இந்த மூட்டைய ஜன்னலோரமாச் சாத்திக்கறேன். குத்தாதுங்க, வெறுங் கம்புதான். கம்பு எதுக்குன்னு அப்பறஞ் சொல்றேன். மொதல்ல இந்தப் பச்சப் பையப் பாருங்க. சும்மா ஒரு கையில தூக்கிப் பாருங்க. எத்தன கனம் இருக்கும்? ஒன்றரைக் கிலோ. ஒரு பூசணிக்கா இதவிட எச்சாக் கனக்கும். ஒத்தையாள் டென்ட்டுங்க. இது எனக்கு மூணாவது. மூணும் என்னைய ஏமாத்திப்போட்டுது.

பொள்ளாச்சிதானே போறீங்க? நாப்பது வளைவு எறங்கோணும். அதுக்குள்ள சொல்லி முடிச்சிருவேன். நான் அடிவாரச் செக்போஸ்ட்டுல எறங்கிக்குவேன்.

என் பேரு நாச்சிமுத்து. வனக்காப்பாளர், கார்டுன்னுதான் எல்லாருங் கூப்புடுவாங்க. மேல புல்மலையில வரையாடு இருக்குதுங்களே, அத வேட்டையாட வர்றவனுங்களப் புடிக்கறது எங்க சோலி. ஒரு வகையில நாங்களும் வேட்டைக்குத்தான் போறோம். அவன் ஆட்டத் தேடறான், நாங்க அவனத் தேடறோம். ஒரு நடைக்கு நாலு நாளு, அஞ்சு நாளு மேலயே கெடக்கோணும். மரம் மட்டை கெடையாது. புல்லு, பாறை, காத்து. காத்துன்னா நீங்க நெனைக்கற காத்து இல்லீங்க. சட்டைப் பித்தானப் போட விடாது. சோத்தத் தட்டுல போட்டா வாய்க்கு வர்றதுக்குள்ள பாதி பறந்துரும். அங்க போயி ஒருத்தன் தனியாப் படுக்கறதுக்கு ஒரு டென்ட் வேணும்னா என்ன பாடு படோணும்னு இந்த மூணு மாசத்துல படிச்சுட்டேன்.

என்னப்பா கண்டக்டரு? மெதுவாவா? நான் மெதுவாத்தானப்பா பேசறேன். டிரைவருக்குக் கேக்குதாமா? பஸ்ஸு போடற சத்தத்துக்கு மனுசன் வேற எப்படிப் பேசறது? செரி, செரி.

பாத்தீங்களா? எங்க போனாலும் இதேதான். எங்கப்பன் கரும்புக் காட்டுக்காரர். அக்கட்டால ஏர் ஓட்டறவனுக்கு இங்கிருந்தே சொல்லோணும். எங்க குடும்பத்துல யாருக்கும் தொண்டை சின்னதாப் பேசத் தெரியாது. அது ஒரு குத்தமுங்களா?

என்ன சொல்லிட்டிருந்தேன்? டென்ட்டு. எங்க ஆபீஸ்ல ஒரு பழக்கமுங்க. ஆளுக்கொரு டென்ட் கெடையாது. ரெண்டு பேருக்கு ஒண்ணு, பழைய கான்வாஸ், நனைஞ்சா கழுதகூடத் தூக்காது. அதனால துணி ஒருத்தங்கிட்ட, கம்பும் ஆணியும் இன்னொருத்தங்கிட்ட. நடை முடிஞ்சு வீட்டுக்குப் போனாலும் அவனவன் பங்கு அவனவன் வீட்டுலதான் இருக்கும். துணிக்காரன் வராம கம்புக்காரன் படுக்க முடியாது. கம்புக்காரன் கோவிச்சுட்டு எறங்கிட்டா துணிக்காரன் போத்திக்கத்தான் ஆகும். எந்த மகராசன் ஆரம்பிச்சு வெச்சானோ, பாதி வழியில ஒருத்தன் திரும்பி ஓடக் கூடாதுன்னு நல்லா யோசிச்சுத்தான் ஆரம்பிச்சிருக்கான். எங்கிட்டக் கம்பு. சவரிமுத்துங்கிட்டத் துணி. எட்டு வருசம் இப்படி.

சவரிமுத்து எங்கூட வர்ற காவலரு. வேட்டைத் தடுப்புக் காவலர்னு பேரு, இன்னும் பர்மனென்ட் ஆகல. எஸ்டேட்டுத் தொழிலாளிங்க லைன் வீட்டுல பொறந்தவன், குட்டையா இருப்பான், நீல மப்ளர் ஒண்ணு வெயில் காலத்துலயும் கழுத்துல கெடக்கும். ஆபீஸ்ல எங்கள ரெட்டமுத்துன்னுதான் சொல்லுவாங்க. நல்லவந்தான். குத்தஞ் சொல்லக் கூடாது. ஆனா மனுசன் பொறுமையச் சோதிக்கறதுல அவன மிஞ்ச ஆள் கெடையாதுங்க.

பாருங்க, எட்டு மணி நேரம் நடந்து மேல போயிச் சேருவோம். காலு கெஞ்சும். எனக்கு உடனே டென்ட்டப் போட்டுக் கட்டையச் சாய்க்கோணும். இவன் துணிய எறக்கி வெச்சுட்டு ஒலாத்தப் போயிருவான். அரை மணி நேரம். ஒரு புல்லப் புடுங்கி விடுவான், அது எங்க போகுதுன்னு பாப்பான். ஒரு எடத்துல உக்காருவான். எந்திரிப்பான். நாலடி தள்ளி உக்காருவான். அப்பறம் கல்லப் பொறுக்க ஆரம்பிச்சிருவான். 'ஏன்டா, வீடா கட்டப் போறே?'ன்னு கேப்பேன். 'சும்மாண்ணே'ம்பான். ஆணி அடிக்கலாம்னா அதுக்கும் விடமாட்டான். கல்லுல கயித்தக் கட்டிக் கல்லு மேல இன்னொரு கல்ல வெப்பான். இத்தன ஆணிய நான் எதுக்குத் தூக்கிட்டு வந்தேன்? எட்டு வருசத்துல கால்வாசி ஆணிகூடப் பூமிக்குள்ள போகல.

எரிச்சலா வராதுங்களா? நீங்களே சொல்லுங்க.

ஆச்சா. போன ஐப்பசியில ஒரு தகவல் வந்துது. மேக்குச் சரிவுல நாலு பேரு நாட்டுத் துப்பாக்கியோட ஏறியிருக்கானுங்கன்னு. ரேஞ்சர் கூப்புட்டு, 'நாச்சிமுத்து, இந்தத் தடவ விட்டா நான் மேல பதில் சொல்ல முடியாது, போயி முகட்டுல உக்காருங்க'ன்னாரு. ரெண்டு பேரும் போனோம். சாயங்காலம் நாலு மணிக்கு முகட்டுல ஏறிட்டோம். அங்க நின்னா மேக்குச் சரிவு மொத்தமும் தெரியுமுங்க. இங்கயே டென்ட்டப் போடலாம்னேன். சவரி துணிய எறக்கவே இல்ல. 'இங்க வேண்டாண்ணே, கீழ பள்ளத்துல போடலாம்'ங்கறான். 'பள்ளத்துல படுத்துட்டு எவனடா பாக்கறது?'ன்னேன். 'பாக்கறதுக்கு ஏறி வந்துக்கலாம்ணே, இங்க போட்டா டென்ட்டு நிக்காது'ங்கறான். எனக்கு எங்கிருந்துதான் கோவம் வந்துதோ. எட்டு வருசக் கல்லுப் பொறுக்கலும் ஒட்டுக்கா ஞாபகம் வந்துது. நல்லாக் கேட்டுப்போட்டேன். கார்டு நானா நீயாடா, ஒரு மயித்துக்கும் ஆகாத கல்லப் பொறுக்கிட்டு, அப்படி இப்படின்னு. அவன் என்ன சொன்னாந் தெரியுங்களா? கையால வாயப் பொத்திக் காட்டி, 'கத்தாதீங்கண்ணே, காத்து கீழ போகுது'ங்கறான்.

என்னைய! கத்தாதீங்கங்கறான்! நான் சர்வீசுக்கு வந்தப்ப அவன் டவுசர் போட்டுட்டுத் திரிஞ்சிருப்பான். அதுக்குஞ் சேத்து ஒரு பாட்டம் திட்டினேன்.

அப்பறம் பள்ளத்துலதான் போட்டோம், அவன் சொன்ன எடத்துலயே. துணி அவங்கிட்ட இருக்குதே, என்ன பண்ண? விடிஞ்சு போயிப் பாத்தா சரிவுல ஒரு பாறை மறைவுல ஆட்டோட குடலு கெடக்குது, ரத்தம் கெடக்குது, அடுப்பு மூட்டின சாம்பல் பாதி வெறகோட கெடக்குது. அவசரமாக் கெளம்பியிருக்கானுங்க. ஒரு பீடிக்கட்டக்கூட எடுக்காமப் போயிருக்கானுங்க. ரேஞ்சர் என்னைய நிக்க வெச்சுக் கேட்டாரு. எழுதிக் குடுன்னாரு. எழுதிக் குடுத்தேன். 'காவலர் சவரிமுத்து கூடாரம் அமைப்பதில் வேண்டுமென்றே தாமதம் செய்ததாலும், கண்காணிப்புக்கு உகந்த இடத்தில் தங்க மறுத்ததாலும்'னு. அதுல பொய் ஒண்ணும் இல்லீங்களே. தாமதம் பண்ணுனான். மறுத்தான். உள்ளதத்தான் எழுதினேன்.

அவனுக்கு மெமோ வந்துது. பர்மனென்ட் லிஸ்ட்டுல பேரு இருந்துது, அத நிறுத்தி வெச்சுட்டாங்க. மலையில வேண்டாம்னு கீழ செக்போஸ்ட்டுல குறுக்குக் கட்டையத் தூக்கி எறக்கற வேலைக்குப் போட்டுட்டாங்க. அவன் வந்து ஒரு வார்த்த கேக்கல. கேட்டிருந்தா நானும் நாலு வார்த்த பேசியிருப்பேன், சண்ட முடிஞ்சிருக்கும். என்ன ஆளுங்க அவன்? ஸ்டோர்க்காரன் டென்ட்டத் திருப்பிக் குடுங்கன்னு ரெண்டு பேருக்கும் ஆளு விட்டான். துணி வந்தாக் கம்பு வரும்னுட்டேன். அவனும் அதையேதான் சொல்லியிருப்பான். துணி அவங்கிட்டக் கெடக்குது, கம்பு எங்க வீட்டுக் கதவுக்குப் பின்னால நிக்குது. வீட்டுக்காரி கூட்டறப்பெல்லாம் அத நகத்தி வெச்சு மொனகறா.

இது என்ன, இருவத்தி ரெண்டாவது வளைவா? ஜன்னல் கம்பியப் புடிச்சுக்குங்க.

அப்பத்தான் முடிவு பண்ணுனேன். எனக்கு ஆளே வேண்டாம். ஒத்தையாப் போறேன், ஒத்தையாப் படுக்கறேன். ரேஞ்சர், 'டென்ட் நீயே பாத்துக்கய்யா'ன்னுட்டாரு. மொத டென்ட்ட எங்க மாப்ள போன்ல பாத்து வரவழைச்சுக் குடுத்தாரு. படத்துல பனிமலை உச்சியில ஒரு வெள்ளக்காரி அதுக்குள்ள உக்காந்து டீ குடிக்கறா. நான் சும்மா நம்பிருவனா? எங்க மொட்டை மாடியில போட்டு, மேசை ஃபேன எடுத்துட்டு வந்து முழு வேகத்துல வெச்சேன். அசையல. வீட்டுக்காரி, 'ஊர்ல எல்லாரும் பாக்கறாங்க, கீழ வாங்க'ன்னா. மலையில போட்டேன். போட்டுட்டு ஆணி எடுக்கத் திரும்பினேன், அம்முட்டுத்தான். காத்து மழையில கொடை திரும்பிக்கும் பாருங்க, அப்படித் திரும்பிட்டுது. கம்பு ரெண்டா ஒடிஞ்சு துணிய ஓட்ட போட்டுட்டு வெளிய நிக்குது. பிடிக்கப் போனேன், அது எனக்கு முன்னால ஓடுது. பாறைக்கு அக்கட்டால போயி விழுந்துது. ரெண்டு வரையாடு நின்னு பாத்துட்டு இருந்துதுங்க. அந்த நடை மொத்தமும் பாறை இடுக்குல தார்ப்பாயப் போத்திட்டுப் படுத்தேன்.

ரெண்டாவது கோயமுத்தூர்ல ஒரு பெரிய கடையில வாங்குனது. ஏசி போட்ட ரூமுல கார்ப்பெட்டு மேல நிக்க வெச்சுக் காட்டறான். 'காத்துக்கு நிக்குமாப்பா?' 'சார், நாலு சீசனும் நிக்கும்.' 'நீ மலைக்குப் போயிருக்கியா?' 'ஊட்டி போயிருக்கேன் சார்.' என்னத்தச் சொல்ல! அதுக்குத் தனியாக் கம்பே கெடையாது, நம்ம நடக்கற தடியவே ஊனிக்கறது. கனமே இல்ல, சட்டைப் பையில வெச்சுக்கலாம் போல. ஆணி எல்லாம் எங்க வீட்டுக்காரி கொண்டை ஊசி மாதிரி. அங்க மண்ணு ஒரு சாண்தானுங்க, அதுக்குக் கீழ பாறை. அடிச்சா மடங்குது, மடங்காதது காத்துல புடுங்கிட்டு வருது. ஒண்ணு வந்து நெத்தியில பட்டுது, இதா பாருங்க தழும்பு. அப்ப எனக்கு சவரி கல்லுல கயிறு கட்டறது ஞாபகம் வந்துது. வந்துது, ஆனா நான் கட்டல. அவன் செஞ்சத நான் எதுக்குச் செய்யோணும்னு இருந்துது.

மூணாவது இது. இதுக்கு நானே விசாரிச்சேன். நெட்டையா நிக்கக் கூடாது, தாழ்வா இருக்கோணும். கம்பு ரெண்டு குறுக்கப் போகோணும். நாலு பக்கமும் இழுத்துக் கட்டக் கயிறு வேணும். நிறம் பச்சையா இருக்கோணும், செவப்பா இருந்தா வேட்டைக்காரன் மூணு மலைக்கு அக்கட்டால நின்னு பாத்துருவான். எல்லாம் பாத்து வாங்கினேன். போன வாரம் அதே முகட்டுல போட்டேன். நின்னுது சார்! பொய் சொல்லக் கூடாது, நின்னுது. உள்ள உக்கார முடியாது, பொணமாட்டம் நீட்டிப் படுத்துத்தான் கால்சட்டையே மாட்டோணும். ஆனா நின்னுது.

சந்தோசமாப் படுத்தேன். அப்பத்தான் ஆரம்பிச்சுது. படபடபடபடன்னு. துணி அடிச்சுக்குது. ஒரு நிமிசம் நிக்கறதில்ல. மதியம் ரெண்டு மணிக்கு ஆரம்பிச்சு மூணு, மூணரை. காதுக்குள்ள யாரோ நின்னு கத்தற மாதிரி. நான் எதுக்குப் போயிருக்கேன்? ஆளு நடமாட்டம் கேக்கறதுக்கு. பக்கத்துல துப்பாக்கி வெடிச்சாலும் எனக்குக் கேக்காது. 'நிறுத்தித் தொலையேன்'னு அதப் பாத்து நான் ஒரு சத்தம் போட்டேன். அது பாட்டுக்கு அடிச்சுக்குது. எந்திரிச்சு வெளிய வந்துட்டேன். அழுகையே வந்துட்டுது சார், வயசு அம்பத்தி மூணு எனக்கு. மூணு மாசம், மூணு டென்ட்டு, நெத்தியில தழும்பு, கடைசியில ஒரு துணிகூட எம் பேச்சக் கேக்க மாட்டேங்குது.

கீழ பள்ளத்துக்கு எறங்கினேன். பழைய எடத்துக்கு. வேற எங்க போக? அங்க ஒரு கல்லுச் செவரு இருக்குதுங்க, பிறை மாதிரி வளைஞ்சு, இடுப்பளவு. நான் எப்பவும் அது முன்னக் காலத்துல ஆடு மேச்சவங்க கட்டினதுன்னு நெனைச்சிட்டிருந்தேன். அன்னிக்குத்தான் பக்கத்துல உக்காந்து பாத்தேன். அடிக் கல்லெல்லாம் பாசி புடிச்சிருக்குது. மேல வர வரப் பாசி கம்மி. உச்சியில இருக்கறது புதுசு, மண்ணுகூடப் போகல. நடைக்கு நாலு கல்லு, அஞ்சு கல்லுன்னு வெச்சுட்டு வந்திருக்கான். அதுக்குள்ள சரியா ரெண்டு பேரு படுக்கலாம். காத்து தலைக்கு மேல போகுது, உள்ள ஒரு புல்லு ஆடல. எட்டு வருசமா நான் நல்லாத் தூங்கினது அந்தக் கான்வாஸாலன்னு நெனைச்சிட்டிருந்தேன்.

இதச் சொல்றதுக்கே எனக்கு ஒரு மாதிரி இருக்குது. ஆனா அது இல்லீங்க விசயம். அது இருந்துட்டுப் போகட்டும்.

அங்க உக்காந்திருந்தப்பப் பேச்சுச் சத்தம் கேட்டுது. நான் மட்டும் இருக்கற மலையில. எந்திரிச்சுப் பாத்தேன். கெழக்க, அடுத்த மலையில ரெண்டு ஆளு, எறும்பு மாதிரித் தெரியுது. தீத்தடுப்புக்குப் புல்லு வெட்ட வந்த கூலியாளுங்க. அங்கிருந்து பேசறான், எனக்கு ஒவ்வொரு எழுத்தும் கேக்குது. காத்து அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் வருது. ஒருத்தன் அவன் மச்சான் ஆட்டோ வாங்கினதச் சொல்றான். இன்னொருத்தன் சிரிக்கறான். அப்பறம் கேக்கறான், 'இன்னிக்கு மேல கார்டு இல்ல போல?' மொத ஆளு சொல்றான், 'இருக்க மாட்டாரு. இருந்தா நம்ம லைன் வரைக்கும் கேக்குமே.'

சிரிக்காதீங்க சார். இல்ல, சிரிங்க. நானா இருந்தாலும் சிரிச்சிருப்பேன்.

அன்னிக்கும் இதே காத்துதானுங்க. கெழக்கிருந்து மேக்க. முகட்டுல நின்னுட்டு நான் கத்தினது மேக்குச் சரிவுக்குத்தான் போயிருக்கும். நாலு பேரும் கறிய அடுப்புல வெச்சுட்டு உக்காந்து கேட்டிருப்பானுங்க. கார்டு நானா நீயாடான்னு நான் கேட்டத, கல்லப் பொறுக்கறத, எல்லாத்தையும். கேட்டுட்டுத்தான் பீடிக்கட்டக்கூட எடுக்காம ஓடியிருக்கானுங்க. சவரிக்கு அது தெரிஞ்சிருக்குது. காத்து கீழ போகுதுன்னு சொன்னான். வாயப் பொத்திக் காட்டினான். தெரிஞ்சிருந்தும் ரேஞ்சர்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. 'நான் இல்ல சார், அண்ணன்தான் கத்தினாரு'ன்னு சொல்லியிருந்தா அவன் பேரு லிஸ்ட்டுல இருந்திருக்கும். ஏன் சொல்லாம விட்டான்? அதுதான் சார் எனக்கு ஆத்தாமையா இருக்குது. டென்ட்டு மேல இருந்த கோவமெல்லாம் அங்கயே போச்சு, இப்ப எம்மேல வந்து நிக்குது. டென்ட்டத் திட்டி என்ன பண்ண?

சட்டைப் பையில இருக்குது பாருங்க, இது அதுக்காக நான் எழுதின காயிதந்தான். நேத்து ராத்திரிக்குள்ள நாலு தடவ எழுதிக் கிழிச்சேன். கடைசியா ரெண்டே வரி. தாமதத்தால ஆளுங்க தப்பிக்கல, நான் போட்ட சத்தத்தால தப்பிச்சாங்கன்னு. பர்மனென்ட் லிஸ்ட்டு இன்னிக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேலதிகாரிக்குப் போகுதாம். அதுக்குள்ள பொள்ளாச்சி ஆபீஸ்ல குடுக்கோணும். குடுத்தா எனக்கு வனவர் பதவி உயர்வு வராது, மெமோ எனக்குத் திரும்பும். ரேஞ்சர் காலையில படிச்சுட்டு, 'யோசிச்சுக்கய்யா, இனிமே யாரு கேக்கப் போறா'ன்னாரு. யாரும் கேக்க மாட்டாங்கதான். ஆனா ஆபீஸ்ல குடுக்கறதுக்கு முன்னால அத சவரி படிக்கோணும். அவன் படிக்காம நான் குடுக்க மாட்டேன். படிச்சதும் அடுத்த பஸ்ஸப் புடிச்சுப் போயிக் குடுத்துருவேன்.

என்ன, அதுக்குள்ள கடைசி வளைவா? எம்மாஞ் சீக்கிரம் எறங்கிட்டான் இந்த டிரைவரு.

சார், நீங்க கொஞ்சம் எட்டிப் பாருங்க, எனக்கு இந்தக் கம்பு மூட்டை மறைக்குது. செக்போஸ்ட்டுல கட்டைகிட்ட ஆளு நிக்குதா? குட்டையா? நீல மப்ளர் இருக்குதா? இருக்குதா. செரி.

அது என்னங்க அவன் ஸ்டூலுக்குப் பக்கத்துல, அடுப்பு மாதிரி? கல்லா? சுத்தியும் அடுக்கியிருக்குதா, பிறை மாதிரியா? பாருங்க சார். கீழ வந்தும் அடுக்கிட்டான்.

தம்பி கண்டக்டரு, ஒரு நிமிசம், விசில் அடிச்சிராத. இந்தக் கம்பு மூட்டைய எடுத்துக்கறேன். இல்ல சார், அந்தப் பச்சப் பை உங்களுக்குத்தான், மடியிலயே வெச்சுக்குங்க. வேண்டாம்னு சொல்லாதீங்க. நல்ல டென்ட்டு, காத்தில்லாத எடத்துல நல்லா நிக்கும். எனக்கு வேண்டியதுக்கு அவங்கிட்டத் துணி இருக்குது.

இங்கிருந்து கூப்புட்டாலே அவனுக்குக் கேக்கும். எட்டு வருசமா இப்படித்தான் கூப்புட்டிருக்கேன், மலைக்கு மலை.

வேண்டாமுங்க. கிட்டப் போயே பேசறேன்.